ஏழு கோயிலுக்கு ஒரே ஐயர்: எந்த வழியில் சேர்வது?

பிப்ரவரியில் இங்கிலாந்தில் உள்ள எங்கள் கிராமத்துச் சபைக் கமிட்டிக்கு ஆர்ச்டீக்கனிடமிருந்து (பிஷப்புக்குக் கீழே ஒரு வட்டாரத்தின் நிர்வாகத்தைப் பார்க்கும் மூத்த குரு) ஒரு கடிதம் வந்தது. எங்கள் மூன்று கிராமங்களுக்கும் பொதுவாக இருந்த குருவானவர் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. அந்த இடத்துக்குத் தனியாக இன்னொருவரைப் போட முடியாதாம். பக்கத்து நான்கு கிராமங்களைக் கவனித்துவரும் குருவானவரின் பொறுப்பிலேயே எங்களையும் சேர்க்கலாமா, சேர்ப்பதென்றால் எந்த முறையில் சேர்க்கலாம், ஜூன் மாதத்துக்குள் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஏழு கோயில், ஒரு குருவானவர். ஏழுக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் நூறு பேர் இருந்தால் அதிகம்.

நான் திருநெல்வேலிச் சீமையில், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சேகரத்தில் (ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள பல சபைகளின் தொகுப்பு) பிறந்து வளர்ந்தவள். கிழக்கு இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்து பதினெட்டு வருடம், இந்தக் கிராமத்துச் சபைக் கமிட்டியில் ஆறு வருடம். தேவாலயத்தைக் கோயில் என்றும் குருவானவரை ஐயர் என்றும் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நம் ஊர்க் குடும்பங்கள் பல இப்போது ஆஸ்பத்திரி வேலையாக இங்கிலாந்தின் சின்னச் சின்ன ஊர்களில் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கிற ஆங்கிலிக்கன் கோயிலுக்கு, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் கோயிலுக்கு, போகிறார்கள், கொஞ்ச நாளில் கமிட்டியிலும் சேர்ந்துவிடுகிறார்கள். இதே மாதிரிக் கடிதம் அவர்கள் கைக்கும் வரும். அப்போது எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று, இந்த மாதங்களில் படித்ததையும் கேட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். இவற்றில் குழம்பினால் பிறகு எதுவும் பிடிபடாது. பாரிஷ் என்பது எல்லை உள்ள ஒரு நிலப்பகுதி. அதற்கென்று ஒரு சபைக் கமிட்டி, இரண்டு வார்டன்கள் (சபையார் தேர்ந்தெடுக்கும் கோயில் பொறுப்பாளர்கள்), தனிக் கணக்கு உண்டு. பெனிஃபிஸ் என்பது குருவானவரின் பதவி. ஒரு பெனிஃபிஸுக்குள் ஒரு பாரிஷும் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். "சபைகளை இணைக்கிறார்கள்" என்று ஊரில் பேசும்போது இந்த இரண்டில் எது இணைகிறது என்று யாரும் கேட்பதில்லை. பதவிகளை மட்டும் இணைத்தால் உங்கள் கிராமத்துக் கமிட்டி அப்படியே இருக்கும். பாரிஷ்களையே இணைத்தால் அது கலைந்துவிடும். எங்கள் முதல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் இந்தக் குழப்பத்திலேயே போனது.

ஏன் இந்த நிலை வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்துத் திருச்சபையில் சுமார் 12,500 பாரிஷ்கள், சுமார் 16,000 கோயில்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிராமப்புறத்தில் இருக்கிறது. முழுநேரமாகச் சம்பளம் வாங்கும் குருமார் இன்று சுமார் 7,000 பேர்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். கணக்கு இதுதான், எந்தப் பேராயர் (பிஷப்) வந்தாலும் இதை மாற்ற முடியாது.

ஆனால் "ஒரு கிராமம், ஒரு கோயில், ஒரு குருவானவர்" என்பது ஆதியிலிருந்தே இருந்த ஏற்பாடு என்று நினைப்பதும் சரியில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரே ஆள் இரண்டு மூன்று பதவிகளின் வருமானத்தை வாங்கிக்கொண்டு வேறெங்கோ குடியிருப்பது சர்வசாதாரணம். 1838-ல் வந்த சட்டம்தான் ஒருவர் இரண்டு பதவிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, அந்த இரண்டும் பத்து மைலுக்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. கிராமத்துக் குருவானவருக்கு உதாரணம் என்று எல்லோரும் காட்டும் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1630 முதல் 1633-ல் இறக்கும் வரை சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் ஊழியம் செய்தார். அவர் பதவியில் ஃபகிள்ஸ்டன், பெமர்ட்டன் என்று இரண்டு கோயில்கள் இருந்தன, உதவிக்கு ஓர் உதவிக்குருவும் இருந்தார். லிங்கன்ஷயரின் சௌத் ஆர்ம்ஸ்பியில் 1949-லேயே பத்துக்கும் மேற்பட்ட சிறு கிராமங்களைச் சேர்த்து ஒரு குழுவாக நடத்திப் பார்த்தார்கள். ஆகவே சேர்வது புதிதல்ல. எப்படிச் சேர்கிறோம் என்பதில்தான் ஒரு கிராமத்துச் சபை பிழைப்பதும் படுப்பதும் இருக்கிறது.

எங்கள் முன் இருந்த வழிகள் நான்கு.

காத்திருப்பது

பேராயர் அந்தப் பதவிக்கு ஆளை நியமிக்கும் உரிமையை நிறுத்திவைக்கலாம். ஒரு தடவைக்கு ஐந்து வருடம் வரை, தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். அந்தக் காலத்துக்குப் பொறுப்புக் குரு ஒருவரைப் போடுவார்கள். அல்லது ஓய்வுபெற்ற ஒருவருக்குக் குருமனையைக் குடியிருக்கக் கொடுத்து, பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வாரத்தில் இரண்டு நாளும் ஊழியம் செய்யச் சொல்வார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது.

இந்த இரண்டாவது ஏற்பாடு நல்ல ஆள் கிடைத்தால் அருமையானது. எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் அப்படி வந்த ஒருவர் ஏழு வருடம் இருந்து, சபையைத் தூக்கி நிறுத்தினார். ஆனால் அவருக்கு எழுபத்தைந்து வயதானபோது மறுபடியும் முதல் கேள்வியிலேயே வந்து நின்றார்கள். எங்களைப் பொறுத்தவரை காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆளில்லாத எட்டு மாதத்தில் எங்கள் வார்டன்கள் இருவரும் களைத்துப்போனதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

பதவி ஒன்று, பாரிஷ் பல

கிராமப்புற இங்கிலாந்தில் அதிகம் நடப்பது இதுதான். ஏழு பாரிஷ்களும் ஏழாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கமிட்டி, தனி வார்டன்கள், தனி வங்கிக் கணக்கு. குருவானவர் மட்டும் ஒருவர். குருவை முன்மொழியும் உரிமை உள்ளவர்கள், அதாவது ஒரு பிரபு குடும்பமோ கல்லூரியோ பேராயரோ, முறை வைத்துக்கொள்வார்கள்.

கிராமத்து மனசுக்கு இது ஒத்துப்போகும். கூரைக்கு நிதி திரட்டும்போது கோயிலுக்கே வராதவர்களும் பணம் தருகிறார்கள். காரணம் அது தங்கள் கிராமத்துக் கோயில், தங்கள் தாத்தா பாட்டி புதைக்கப்பட்ட மண். அந்தப் பணம் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்விடாது என்ற உறுதி அவர்களுக்கு வேண்டும். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது, இன்ஷூரன்ஸ், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கட்டட ஆய்வு எல்லாமே கமிட்டியின் தலையில்தான் விழுகிறது. பொதுவாக மக்கள் ஒரு திருச்சபை நிர்வாகத்துக்குக் கொடுக்க மாட்டார்கள், ஒரு கூரைக்குக் கொடுப்பார்கள். இது நான் கண்ட உண்மை.

சுமை முழுக்கக் குருவானவர்மேல். கணக்குப் பாருங்கள்: ஏழு கமிட்டி, வருடத்துக்கு நாலு கூட்டம் என்று வைத்தாலே இருபத்தெட்டு. ஏழு வருடாந்தரப் பொதுக்கூட்டம். பதினான்கு வார்டன்கள். ஏழு அறுப்பின் பண்டிகை, ஏழு கிறிஸ்மஸ் கீத ஆராதனை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் குருவானவர் அனுமதி தந்ததால் அவர் காரிலேயே ஏறி நாள் முழுக்க அவருடன் போனேன். காலை எட்டு மணிக்கு முதல் கோயில், ஒன்பதரைக்கு இரண்டாவது, பதினொன்றேகாலுக்கு மூன்றாவது. பின்சீட்டில் ஹேங்கரில் தொங்கும் அங்கி, காலடியில் அப்பமும் திராட்சரசமும் உள்ள பெட்டி, டிக்கியில் சேற்றுக்கான பூட்ஸ். இரண்டாவது கோயிலில் ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கணவருக்கு ஸ்கேன் முடிவு வந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். குருவானவர் அவர் தோளில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் மூன்றாவது கோயிலில் மணி அடித்திருப்பார்கள். "இந்த வாரம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினோம். காரில் ஏறியதும் அவர் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில் அந்தம்மாவின் பெயரை எழுதினார். அதில் ஏற்கெனவே ஐந்து பெயர்கள் இருந்தன. அட்டவணைப்படி அவர் அந்தக் கோயிலுக்குத் திரும்பப் போவது நாலு வாரம் கழித்து. இது நாலு கோயில் இருக்கும்போது. ஏழானால்?

அன்று எனக்குத் தெளிவான ஒன்று: அவரிடம் அன்புக்குக் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. அந்தப் பாட்டியம்மாவின் பக்கத்தில் உட்கார, அந்தக் கிராமத்திலேயே பொறுப்புள்ள ஒருவர் இல்லை. அதுதான் குறை.

இந்த வழியில் ஒரு திருத்தம் செய்துகொள்ளலாம். 2020-லிருந்து நடப்பில் உள்ள விதிகளின்படி, பாரிஷ்கள் தனித்தனியாகவே இருந்துகொண்டு, ஒரு கூட்டு மன்றம் அமைத்து வேலைகளை அதற்கு மாற்றிக்கொடுக்கலாம். பிள்ளைகள், முதியோர் பாதுகாப்பு விதிகள், சம்பளப் பட்டியல், பொதுச் செலவு, ஆராதனை அட்டவணை எல்லாம் கூட்டு மன்றத்துக்கு. கட்டடமும் கல்லறைத் தோட்டமும் கிராமத்து நிதியும் அந்தந்தக் கமிட்டிக்கு. இருபத்தெட்டுக் கூட்டம் பத்தாகக் குறையும். இந்த வசதி இருப்பது எங்கள் கமிட்டியில் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒரே பாரிஷ்

ஏழு பாரிஷ்களையும் கலைத்து ஒன்றாக்குவது. ஒரு கமிட்டி, ஒரு கணக்கு, ஒரே உறுப்பினர் பட்டியல். கோயில்கள் கோயில்களாகவே நீடிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உட்குழு வைத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டப்படி முடிவெடுப்பது ஒரே இடம்.

குருவானவருக்கு இது பெரிய விடுதலை. பொருளாளர் கிடைக்காமல் தவிக்கும் சபைகளுக்கும் அப்படியே. எங்கள் ஏழில் ஒரு கிராமத்தில் மூன்று வருடமாகக் கணக்கு எழுத ஆளில்லை. பக்கத்துக் கிராமத்துப் பொருளாளர் இரக்கப்பட்டு எழுதுகிறார். இன்னொன்றில் வார்டன் ஒருவர்தான், அவருக்கு எண்பத்திரண்டு வயது. அந்த மாதிரி இடத்தில் தனிக் கமிட்டியைக் கட்டிக்காப்பது அந்த முதியவர்மேல் பாரத்தை ஏற்றுவதாகத்தான் முடியும். அவர்களுக்கு இணைப்பு வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கவலைப்பட இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று பணம். ஒரு குறிப்பிட்ட கோயிலின் கட்டடத்துக்கென்று எழுதிவைத்த சொத்து, இணைப்புக்குப் பிறகும் அந்த நோக்கத்துக்கே செலவாக வேண்டும். பொதுவாகச் சேர்த்துவைத்த பணம் அப்படியல்ல, அது ஒரே பையில் விழும். ஆகையால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு கமிட்டியும் தன் பணத்தில் எது கட்டுப்பட்டது, எது பொதுவானது என்று பிரித்து எழுதிவைக்க வேண்டும். எங்கள் பழைய கணக்குப் புத்தகங்களில் அதைத் தேடி எடுக்கவே இரண்டு சனிக்கிழமை ஆனது.

இரண்டாவது, ஆட்கள். ஏழு கமிட்டிகளில் மொத்தம் நாற்பது பேர் ஏதாவது ஒரு பொறுப்பில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கமிட்டியானால் பதினைந்து இருபது பேர். மற்றவர்கள் சும்மா நின்றுவிடுவார்கள். கூட்டத்துக்குப் போக வேண்டியதில்லை என்று நிம்மதிப்படுவார்கள், ஆறு மாதத்தில் கோயில் கதவைத் திறக்க ஆள் இருக்காது. நம் ஊரில் சேகரத்தைப் பிரித்தால் சண்டை வரும், சேர்த்தாலும் சண்டை வரும். இங்கே சண்டையே வராமல் ஓசையில்லாமல் விலகிப்போவார்கள். எனக்கு இது அதைவிடப் பயமாக இருக்கிறது.

மூன்று கிராமத்துக்குள், நடந்துபோகிற தூரத்தில் என்றால் ஒரே பாரிஷ் நல்ல வழிதான். எங்கள் மாதிரி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பதினான்கு மைல் என்றால், மறுகோடிக்காரர்கள் எங்கள் மணிக்கூண்டைப் பற்றி ஓட்டுப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

பெரிய வட்டம், ஊழியர் குழு

நாலாவது வழியில் கிராமங்களை மட்டுமல்ல, இருபது முப்பது கோயில்களைச் சேர்த்துப் பெரிய வட்டமாக்குகிறார்கள். அதற்கு ஒரு குருவானவர் அல்ல, பல குருமாரும் குருமாரல்லாத ஊழியர்களும் அடங்கிய ஒரு குழு.

வேல்ஸ் திருச்சபை இதில் முன்னே போனது. ஹாரிஸ் பிரபு தலைமையில் மூவர் குழு 2012-ல் கொடுத்த அறிக்கையை வைத்து, பழைய பாரிஷ்களுக்குப் பதில் ஊழிய வட்டங்கள் அமைத்தார்கள். வட்டத்தின் எல்லைக்கு அந்த அறிக்கை சொன்ன அளவுகோல் எனக்குப் பிடித்திருந்தது: ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் போகிறார்களோ, கூடுமானவரை அது ஒரு வட்டம். ஜனங்கள் ஏற்கெனவே சேர்ந்து வாழும் எல்லையை எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் லெஸ்டர் திருமண்டலம் (ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதி) 2021 அக்டோபரில், திருமண்டலம் முழுவதையும் இருபது முதல் இருபத்தைந்து 'மின்ஸ்டர்' சமூகங்களாக, அதாவது இதே மாதிரிப் பெரிய வட்டங்களாக, அமைக்கலாம் என்று ஓட்டெடுத்து ஒப்புக்கொண்டது. அதே வருடம் ஆகஸ்டில் லண்டனில் செயின்ட் பார்த்தலோமியு தி கிரேட் கோயிலில் 'பாரிஷைக் காப்பாற்றுவோம்' என்ற இயக்கம் தொடங்கியது. கிராமத்துக்கென்று ஒரு குரு இல்லாமல் போனால் கிராமம் திருச்சபையையே மறந்துவிடும் என்பது அவர்கள் வாதம்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பெரிய வட்டத்தில் குருவானவர் தனிமையில் வாட மாட்டார். பிள்ளைகள் ஊழியத்துக்கு ஒருவர், ஆஸ்பத்திரி சந்திப்புக்கு ஒருவர் என்று வரம் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் நோயில் விழுந்தால் ஆராதனை நிற்காது. ஆனால் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் "எங்கள் ஐயர் யார்" என்பதற்கு ஒரு பெயர் வேண்டும். 'குழு' என்று பதில் சொன்னால் சாவு வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. எங்கள் ஆர்ச்டீக்கன் இந்த வழியை இப்போதைக்கு முன்வைக்கவில்லை. வைத்திருந்தால், ஒவ்வொரு கிராமத்துக்கும் குழுவில் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாகக் கேட்டிருப்பேன்.

ஆய்வுகள் சொல்வது

சேர்த்தால் சபை சுருங்குமா? 2014-ல் இங்கிலாந்துத் திருச்சபைக்காகச் செய்த வளர்ச்சி ஆய்வு, ஒரு தலைவரின் கீழ் ஒரே கோயில் இருந்தால் வளர வாய்ப்பு அதிகம் என்று சொன்னது. சேர்ப்பை எதிர்ப்பவர்கள் இன்றும் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். பிறகு எண்களை மறுபடி நுணுக்கமாகப் பார்த்தபோது, சேர்த்ததால்தான் சரிவு என்று சொல்ல ஆதாரமில்லை என்ற முடிவு வந்தது. யோசித்தால் புரியும்: ஏற்கெனவே சிறிதாகிக்கொண்டிருக்கும் சபைகளைத்தானே சேர்க்கிறார்கள். காய்ச்சல்காரர்கள்தான் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள், அதற்காக ஆஸ்பத்திரி காய்ச்சலைக் கொடுத்தது என்று சொல்ல முடியாது. எனவே கமிட்டியில் யாராவது "ஆய்வே சொல்லிவிட்டது" என்று எந்தப் பக்கம் பேசினாலும், அதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள்.

உபதேசியார் நோட்டு

என் தாத்தா உபதேசியார், அதாவது குருப்பட்டம் இல்லாமல் ஒரு கிராமத்துச் சபையைக் கவனிக்கும் ஊழியர். எங்கள் சேகரத்தில் ஒன்பது சபைகள், ஒரே ஐயர். ஐயர் எங்கள் சபைக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார், அன்றைக்குத் திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் ஆராதனை. மற்ற ஞாயிறுகளில் தாத்தாதான் ஆராதனை நடத்துவார், பிரசங்கம் செய்வார், பாடல் எடுத்துக்கொடுப்பார். அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஐயர் வரும் வாரம் சனிக்கிழமை ராத்திரி அரிக்கேன் விளக்கில் அதைத் திறந்து எழுதுவார்: படுக்கையில் இருப்பவர்கள், ஞானஸ்நானத்துக்குக் குழந்தைகள், புருஷன் பெண்டாட்டி பேசாத வீடு, திடப்படுத்தலுக்குப் பிள்ளைகள். ஐயர் வந்து இறங்கியதும் காப்பிக்கு முன்னால் நோட்டுதான். ஒரே பகலில் ஐயர் எந்த வீட்டுக்குப் போக வேண்டுமோ அந்த வீட்டுக்குப் போய்விடுவார்.

இந்த ஏற்பாட்டை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்ததே ஆங்கிலிக்கன் மிஷனெரிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. சங்கங்களின் மிஷனெரிகள் கையளவுதான். கிராமங்களோ நூற்றுக்கணக்கில். ஊருக்கு ஓர் உபதேசியார் என்று வைக்காமல் அவர்களால் அசைந்திருக்க முடியாது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராகி தோர்ணக்கல்லுக்குப் போனபோது, அங்கேயும் கிராமத்து உபதேசிமார்களைக் கொண்டுதான் திருச்சபை பரவியது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகும் சேகரம் என்ற அமைப்பு அப்படியே தொடர்ந்தது. ஒரே ஐயருக்கு ஒன்பது சபை என்பதைக் குறை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இங்கே மட்டும் ஏன் அது இழப்பாகத் தெரிகிறது? என் அபிப்பிராயம் இது. இங்கிலாந்துக் கிராமங்களில் முன்பு ஞாயிறு காலையின் முக்கிய ஆராதனை காலை ஜெபம்தான். அதைப் பயிற்சி பெற்ற சபையார் நடத்தலாம். 1866-லிருந்தே அதற்கு 'ரீடர்' என்ற ஊழியம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் திருவிருந்தே ஞாயிற்றின் மைய ஆராதனை ஆனது. அது நல்ல மாற்றம், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் திருவிருந்தைக் குருவானவர்தான் நடத்த முடியும். ஆகவே குருவானவர் இல்லையென்றால் ஆராதனையே இல்லை என்று சபைகள் பழகிவிட்டன. அதே காலத்தில் குருமார் எண்ணிக்கை குறைந்தது. இரண்டும் சேர்ந்துதான் இந்த நெருக்கடி.

ஒவ்வொரு பாரிஷ் கோயிலிலும் ஞாயிறுதோறும் ஆராதனை நடந்தாக வேண்டும் என்ற பழைய விதியையும் இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டமன்றமான பொதுச்சங்கம் 2019-ல் தளர்த்திவிட்டது. பெனிஃபிஸுக்குள் ஒரு கோயிலில் நடந்தால் போதும். குருவானவரின் ஓட்டத்துக்கு இது நிவாரணம். ஆனால் ஆராதனை இல்லாத ஞாயிறுகளில் சபையார் பக்கத்துக் கிராமத்துக்குப் போவார்கள் என்று அட்டவணை போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் போவதில்லை. ஐந்து மைல்தான், கார் இருக்கிறது, ஆனாலும் போவதில்லை. வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பழக்கம் விட்டுப்போகிறது. எங்கள் வெஸ்ட்ரியில் (குருவானவர் அங்கி மாற்றும் அறை) உள்ள ஆராதனைப் பதிவேட்டில் நானே எண்ணிப்பார்த்தேன்: மாதம் இரண்டு ஆராதனை ஆன வருடத்தில், அந்த இரண்டு ஞாயிறுகளுக்கும்கூட வருகை குறைந்திருக்கிறது.

என் ஓட்டு

ஆகவே இரண்டாவது வழிக்குத்தான் என் ஓட்டு: பதவி ஒன்று, பாரிஷ்கள் தனித்தனி, நடுவில் வலுவான கூட்டு மன்றம். அதோடு, சேர்வதற்கு முன்பே ஒவ்வொரு கோயிலுக்கும் பெயர் சொல்லக்கூடிய உள்ளூர் ஊழியர் ஒருவர் வேண்டும். சில திருமண்டலங்களில் இவரை ஃபோக்கல் மினிஸ்டர் என்கிறார்கள். பேராயரின் அனுமதிச் சீட்டு உள்ளவராக, பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். ரீடராக இருக்கலாம், சம்பளமில்லாத குருவாக இருக்கலாம், ஓய்வுபெற்ற குருவாக இருக்கலாம். அவர் நடத்தும் காலை ஜெபம் ஒவ்வொரு ஞாயிறும், அதே கோயிலில், அதே மணிக்கு. குருவானவர் வரும் ஞாயிறு திருவிருந்து. மஞ்சள் சீட்டு குருவானவரின் காரில் அல்ல, கிராமத்தில் இருக்க வேண்டும்.

இதை எதிர்த்தவர்களின் பேச்சிலும் சத்தியம் இருந்தது. எங்கள் ஆர்கனிஸ்ட், வயதானவர், "நாற்பது வருடம் இந்தச் சபைக்குக் காணிக்கை கொடுத்தேன், கடைசியில் என்னை அடக்கம்பண்ண ஒரு குரு வர மாட்டாரா?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில்: அடக்கத்துக்குக் குரு வருவார், ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாதம் உங்கள் கட்டிலருகே வருகிறவர் இந்தத் தெருவில் இருக்க வேண்டாமா? அவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதித்தார் என்றும் சொல்ல மாட்டேன்.

ஆர்ச்டீக்கனுக்கு நாங்கள் எழுத்தில் கேட்டது நான்கு. புதிய குருவானவர் எந்தக் கிராமத்தில் குடியிருப்பார்? மற்ற குருமனைகளை விற்றால் அந்தப் பணம் எங்கே போகும்? ஊழியர் பயிற்சிக்குத் திருமண்டலம் செலவு செய்யுமா, எத்தனை வருடத்துக்கு? திருமண்டலத்துக்கு நாங்கள் கட்டும் பங்குத் தொகை இந்தச் சேர்ப்புக்குப் பிறகு எப்படிக் கணக்கிடப்படும்? உங்கள் கமிட்டியிலும் இவற்றை வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். வரைவுத் திட்டம் வெளிவந்த பிறகு ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 28 நாள் தருவார்கள். ஆட்சேபங்களைப் பரிசீலிப்பது சர்ச் கமிஷனர்கள் என்ற, இங்கிலாந்துத் திருச்சபையின் தேசிய நிர்வாக அமைப்பு. அவர்களிடம் போகும்போது இந்த எழுத்துதான் கையில் இருக்கும்.

கூட்டு மன்றத்துக்கான முதல் பேச்சு மே மாதம் நடந்தது. ஏழு கிராமத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, எதிரே உள்ளூர் ஊழியர் யார் என்று நிரப்பினோம். இரண்டு ரீடர்கள், ஒரு ஓய்வுபெற்ற குரு, ஒரு பள்ளித் தலைமையாசிரியை, பயிற்சிக்குப் போக ஒப்புக்கொண்ட ஒரு விவசாயி. ஐந்து வரி நிரம்பியது. இரண்டு காலி. அறுப்பின் பண்டிகை வரை பொறுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். அதற்குள் பெயர் கிடைக்காவிட்டால் அந்த இரண்டு கிராமங்களும் பக்கத்துப் பாரிஷோடு சேர்ந்து ஒரே பாரிஷாகும். அவற்றின் கோயில்கள் கிறிஸ்மஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, கல்யாணம், அடக்கம் இவற்றுக்கு மட்டும் திறக்கும் பண்டிகைக் கோயில்களாக இருக்கும். அந்த இரண்டு கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்க மூன்று பேர் ஒத்துக்கொண்டிருக்கிறோம். வருகிற சனிக்கிழமை முதல் தெரு.